எரிமலையும் "திடீர்" என்னும் சொல்லும்

உலகத்தில் எங்கேனும் ஓர் எரிமலை வெடித்துவிட்டால், மறுநாள் பத்திரிகைகளில் தவறாமல் காணப்படும் சொல் ஒன்று உண்டு. "திடீரென்று" என்பதே அச்சொல். திடீரென்று மலை நெருப்பைக் கக்கிற்று என்றும், திடீரென்று ஊர் புதைந்து போயிற்று என்றும் சமாசாரங்கள் வருகின்றன. பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்டிருக்கும் நாமும் அச்சொல்லை ஆராயாமலே எடுத்து வழங்கி வந்திருக்கிறோம். நிதானமாக யோசித்துப் பார்த்தால், அது பெரும்பாலும் உண்மைக்கு மாறானது என்பது விளங்கும். மாறானது மட்டுமன்று, பொல்லாத சொல்லுமாகும். திடீரென்று நேர்ந்த காரியத்திற்கு யாரும் உத்தரவாதம் இல்லை அல்லவா? விதியின் மேலும், மலையின் மேலும், சில சமயங்களில் மாண்டவர்களின் மேலுமே பழியைச் சுமத்திவிட்டு, உத்தரவாதம் வகிக்க வேண்டியவர்கள் நழுவிப் போவதற்கு அச்சொல் வழி செய்து கொடுக்கிறது.

ஆதலின், எரிமலை எவ்வாறு உண்டாகிறது, ஏன் வெடிக்கிறது என்பதை நம் வாசகர்கள் தெளிவாக அறிந்துகொள்வது வெறும் பள்ளிக்கூடப் பாடம் அன்று. ஜனங்களுக்கும் அவர்களை ஆளுவோருக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிய விஷயமும் அதில் அடங்கியிருக்கிறது. அதை இங்கே சற்று விரிவாக எடுத்துரைக்கப் புகுகிறோம்.

பூமிக்குள் இருப்பது நெருப்புக் கடலா?

நமது காலடியில் உருகிய நெருப்புக் கடல் ஒன்று கொந்தளித்துக் கொண்டிருக்கிறது என்றும், மேலோட்டில் எங்கேனும் விரிசல் கண்டால் அது பீறிட்டு வெளிவருகிறது என்றும் பலர் எண்ணியிருக்கிறார்கள். இது பிழையான எண்ணம். பூமியின் மத்திய பாகம் நமக்குக் கீழே ஏறக்குறைய 4,000 மைல் ஆழத்தில் இருக்கிறது. இதில் மேலோடு என்பது மிகவும் மெல்லியது. சமுத்திரங்களின் அடியில் நாலைந்து மைல் கனமும், நிலப்பகுதிகளின் அடியில் சராசரி 20 மைலுக்குச் சற்று அதிகமான கனமுமே உடையது. அதற்குக் கீழே சுமார் 1,800 மைல் ஆழம் வரையில் இருப்பது உருகிய குழம்பன்று, கெட்டியான பாறையே. அதற்கும் கீழேதான் உருகிய இரும்பு இருக்கிறது. எரிமலை கக்குவது அந்த இரும்பையன்று.

ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும் அந்தப் பாறை ஏன் உருகாமல் இருக்கிறது என்று கேட்கலாம். மேலே உள்ள பாறைகளின் பாரம் அதை அழுத்திக் கொண்டிருப்பதே காரணம். உருகினால் பாறை சற்று விரிவடைய வேண்டும். விரிவதற்கு அழுத்தம் இடங்கொடுப்பதில்லை. ஆயினும் அப்பாறை முற்றிலும் அசையாமல் கிடப்பதும் இல்லை. சாலைக்கு இடும் தார்க்கட்டியைச் சம்மட்டியால் அடித்தால் கல்லைப் போல் உடைகிறது. அதையே பீப்பாயைச் சாய்த்து வைத்துவிட்டுப் பல நாள் கழித்து வந்து பார்த்தால், தானே வழிந்து பரவியிருக்கிறது. பூமியின் உட்பாறையும் அத்தகையது. அவசரமாகப் பார்த்தால் கல். லட்சக்கணக்கான வருஷங்களை அளவாகக் கொண்டு பார்த்தால், மெல்ல மெல்ல ஓடும் பொருள்.

அந்த மந்தமான ஓட்டத்தோடு மேலோடும் நகர்கிறது. மேலோடு ஒரே மூடியாக இல்லை; பல பெரிய பாளங்களாகப் பிளந்து கிடக்கிறது. அப்பாளங்கள் வருஷத்திற்குச் சில அங்குலம், அதாவது நமது கைந்நகம் வளரும் வேகத்தில், ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஒன்றின் கீழ் ஒன்று புகுகின்றன. ஒன்றையொன்று உராய்ந்து செல்கின்றன. உலகத்து எரிமலைகளில் பெரும்பாலானவை இப்பாளங்களின் ஓரங்களிலேயே வரிசையாக நிற்பதன் காரணம் இதுதான்.

பாறை உருகும் மூன்று வழிகள்

கெட்டியாக இருக்கும் பாறை உருகுவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, அழுத்தம் குறைவது. இரண்டு பாளங்கள் விலகும் இடத்தில் அடியிலுள்ள சூடான பாறை மேலே எழுகிறது. எழ எழ, அதன் தலைமேல் உள்ள பாரம் குறைகிறது. புதிதாக உஷ்ணம் சேராமலே, பாரம் குறைந்த காரணத்தினாலேயே அதில் ஒரு பகுதி உருகிவிடுகிறது. அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் கடலடி மலைத்தொடர் இவ்வாறு உண்டானது. அது நீருக்கு மேலே தலைகாட்டும் இடமே ஐஸ்லாந்து தீவு.

இரண்டாவது, தண்ணீர் சேர்வது. நெருப்புக்குத் தண்ணீர் பகை என்று கருதும் நமக்கு இது விநோதமாகத் தோன்றும். ஐஸ் கிரீம் செய்பவர் பனிக்கட்டியின் மேல் உப்பைக் கொட்டுவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி, சேராததைவிடக் குறைந்த உஷ்ணத்திலேயே உருகிவிடுகிறது. பாறைக்குத் தண்ணீர் செய்வதும் இதுவே. சமுத்திரத்தின் அடிப்பாளம் மற்றொரு பாளத்தின் கீழே சரிந்து இறங்கும்போது, தன் பாறைகளில் ஊறிய கடல்நீரையும் உடன் கொண்டு செல்கிறது. சுமார் 60 மைல் ஆழத்தில் அந்த நீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. அதுவரை உருகாதிருந்த பாறை உருகத் தொடங்குகிறது. பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றிலும் மாலை கோத்தாற்போல் எரிமலைகள் நிற்பதற்கும், சுமத்ரா, ஜாவா, பிலிப்பைன்ஸ், ஜப்பான் முதலிய தீவுகள் எரிமலைகள் நிறைந்த தேசங்களாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது, பாளங்களின் நடுவிலேயே, மிகுந்த ஆழத்திலிருந்து சூடான பாறை தூணைப்போல் எழும்பி வருவது. ஹவாய்த் தீவுகள் இதற்கு எடுத்துக்காட்டு. தூண் ஒரே இடத்தில் நிற்க, மேலே உள்ள பாளம் நகர்ந்து செல்வதால், தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் பிறந்திருக்கின்றன. நமது தேசத்திலும் இதன் அடையாளம் உண்டு. மும்பையிலிருந்து புனே செல்லும் ரெயிலில் மலையேறும்போது படிப்படியாகத் தெரியும் கரும்பாறைகள் யாவும், ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன்பு பிளவுகளின் வழியே வெளிவந்து பரவிய குழம்பு உறைந்தவையே. அவை இன்றும் சுமார் 2 லட்சம் சதுர மைல் பரப்பை மூடியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் 6,000 அடிக்கு மேல் கனமாக இருக்கின்றன. ஆழத்திலிருந்து எழுந்த அத்தகைய தூண் ஒன்றே இதற்குக் காரணம் என்பது பல அறிஞர்களின் கொள்கை.

கோலி சோடாவும் களியும்

பாறை உருகுவது வேறு. மலை வெடிப்பது வேறு. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட லேசானது. ஆதலால் மேலே ஏறி வந்து, பூமிக்குக் கீழே சில மைல் ஆழத்தில் தேங்குகிறது. அங்கே நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான வருஷங்கள் அடங்கிக் கிடப்பதும் உண்டு. அதில் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு ஆகியவை கரைந்திருக்கின்றன. இந்த வாயுக்களே வெடிப்புக்கு மூலகாரணம்.

கோலி சோடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோலி வாயை அடைத்துக் கொண்டிருக்கும் வரையில் உள்ளே தெளிந்த நீரே தெரிகிறது. ஒரு குமிழியும் இல்லை. கோலியை உள்ளே தள்ளினவுடன் அழுத்தம் தளர்கிறது. கரைந்திருந்த வாயு குமிழியாகிப் பொங்கி, தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வெளியே பாய்கிறது. பூமிக்குள் தேங்கிய குழம்பின் கதையும் இதுவே. கீழிருந்து புதிய குழம்பு வந்து சேர்ந்து நெருக்கலாம். குழம்பில் ஒரு பகுதி உறைந்து, மிச்சமுள்ளதில் வாயு மிகுதியாகலாம். மேலே மூடியிருந்த மலைச்சரிவே இடிந்து விழலாம். அமெரிக்காவிலுள்ள செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980-ம் வருஷம் மே 18-ந் தேதி வெடித்தது இந்த மூன்றாவது வகையில்தான். வடபுறச் சரிவு சரிந்து விழுந்தது; கோலி விலகிற்று; மலை பக்கவாட்டில் வெடித்தது.

எல்லா எரிமலைகளும் ஏன் ஒரே மாதிரி வெடிப்பதில்லை? நம் வீட்டு அடுப்பங்கரையில் இதற்கு விடை இருக்கிறது. நீர்த்த கஞ்சி கொதிக்கும்போது குமிழிகள் சிரமமின்றி வெளியேறிவிடுகின்றன. கெட்டியான களியைக் கிண்டும்போதோ, குமிழி வெளிவர வழியின்றித் திணறி, ஓசையுடன் வெடித்துக் கையில் தெறிக்கிறது. மணலுக்கு மூலப்பொருளாகிய சிலிகா குழம்பில் பாதியளவே இருந்தால் அது கஞ்சியைப் போல ஓடும். ஹவாயில் எரிகுழம்பு ஆறாக ஓடுவதும், ஜனங்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதும் இதனால்தான். நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு சிலிகா சேர்ந்துவிட்டால் குழம்பு களியாகிவிடும். அப்பொழுது வாயு வெளியேற மாட்டாமல் அடைபட்டு, கடைசியில் குழம்பையே தூளாக்கிக்கொண்டு வெடிக்கிறது. நாம் சாம்பல் என்று சொல்வது எரிந்த பொருளின் சாம்பலன்று. இவ்வாறு நொறுங்கிய பாறையும் கண்ணாடித் தூளுமே ஆகும்.

அந்தத் தூளும் கொதிக்கும் வாயுவும் கலந்து மலைச்சரிவில் மேகம்போல் உருண்டு இறங்குவதுண்டு. அதன் வேகம் மணிக்கு நூறு மைலையும் மிஞ்சும்; உஷ்ணம் நூற்றுக்கணக்கான டிகிரி. மழைநீரோ உருகிய பனியோ சாம்பலுடன் கலந்தால், ஈரச் சுண்ணாம்புக் காரையைப் போன்ற சேற்று வெள்ளம் ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே பாய்ந்து, மலையையே கண்ணால் காணாத தொலைதூர ஊர்களையும் மூடிவிடும். எரிமலையால் மாண்டவர்களில் மிகப் பலர் இவ்விரண்டினாலும், கடல் பொங்கியதனாலும் மாண்டவர்களே. ஓடும் எரிகுழம்பில் அகப்பட்டவர் மிகச் சிலர்.

மலை முன்கூட்டியே பேசுகிறது

மேலே கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு தானே ஏற்படுகிறது. இத்தனை பெரிய காரியம் இரகசியமாக நடைபெற முடியாது. குழம்பு மேலேறும்போது பாறையைப் பிளந்துகொண்டு வர வேண்டும். ஆதலால் சிறுசிறு பூகம்பங்கள் நூற்றுக்கணக்காக உண்டாகின்றன. உள்ளே இடம் நிரம்புவதால் மலைச்சரிவு வீங்குகிறது. அழுத்தம் குறைந்து வாயு பிரிவதால் கந்தக நெடி மிகுகிறது. பூமிக்குள் இருக்கும் ஊற்றுநீர் சூடேறி, புதிய இடங்களில் நீராவி எழுகிறது. இவை வாரக்கணக்காக, மாதக்கணக்காக நடப்பவை. இவற்றை அளக்கக் கருவிகளும் இருக்கின்றன.

இதை மிகைப்படுத்திக் கூறவும் நாம் விரும்பவில்லை. இன்ன நாள் இன்ன மணிக்கு வெடிக்கும் என்று எந்த நிபுணராலும் சொல்ல இயலாது. அடையாளங்கள் எல்லாம் தோன்றி, பிறகு மலை அடங்கிப் போவதும் உண்டு. பூமிக்குள் உள்ள நீர் திடும்என ஆவியாகி வெடிக்கும் சிறு வெடிப்புகள் போதிய அறிவிப்பின்றியே நிகழ்கின்றன. ஜப்பானில் 2014-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி ஒண்டாகே மலை அவ்வாறு வெடித்து, மலையேறச் சென்றிருந்த அறுபதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். ஆயினும், ஆயிரக்கணக்கானவர்களை மாய்த்த பெரிய வெடிப்புகளின் சரித்திரத்தைப் பார்த்தால், மலை பேசாமல் இருந்ததைவிட மனிதர் கேளாமல் இருந்ததே அதிகம் என்பது தெரியவரும். மூன்று எடுத்துக்காட்டுகள் கூறுவோம்.

1902: அறியாமை

மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுக்காரரின் குடியேற்ற நாடாக இருந்த மார்ட்டினீக் தீவில், பெலே என்னும் மலையின் அடிவாரத்தில் செயின்ட் பியர் என்ற அழகிய நகரம் இருந்தது. 1902-ம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் மலை சாம்பலைத் தூவத் தொடங்கிற்று. மே 5-ந் தேதி மலையிலிருந்து பாய்ந்த சேற்று வெள்ளம் ஆற்றோரத்தில் இருந்த சர்க்கரை ஆலை ஒன்றை ஆட்களோடு மூடிற்று. சுற்றுப்புறக் கிராமத்தார் பயந்து நகரத்துக்குள் வந்து குவிந்தனர். மே 11-ந் தேதி தேர்தலின் இரண்டாவது சுற்று நடைபெற இருந்தது.

கவர்னர் நியமித்த கமிட்டி மே 7-ந் தேதி கூடி, நகரத்துக்கு அபாயம் இல்லை என்று அபிப்பிராயம் தெரிவித்தது. உள்ளூர்ப் பத்திரிகையும், வெசூவியஸ் மலையால் நேப்பிள்ஸ் நகரத்துக்கு எவ்வளவு அபாயமோ அதற்குமேல் பெலே மலையால் நமக்கு இல்லை என்ற கருத்தை வெளியிட்டது. ஜனங்களுக்குத் தைரியம் அளிப்பதற்காகக் கவர்னர் தம் மனைவியுடன் நகரத்திற்கே வந்து தங்கினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு அனல் மேகம் இறங்கிற்று. ஒன்றிரண்டு நிமிஷங்களில் நகரம் ஒழிந்தது. சுமார் 28,000 பேர் மாண்டனர், கவர்னரும் மாண்டார். நகரத்தில் உயிர் தப்பியவர் மிகச் சிலர். அவர்களில் ஒருவன், கனத்த சுவருள்ள சிறையறையில் அடைபட்டிருந்த கைதி. சர்க்காரின் விலங்கில் இருந்தவன் பிழைத்தான். சர்க்காரின் வாக்கை நம்பியவர்கள் மாண்டார்கள்.

நியாயத்தைக் கூறுமிடத்து, அனல் மேகம் என்னும் பொருளின் தன்மையை அக்கால அறிஞர்கள் நன்கு அறிந்திருக்கவில்லை. பெலே மலையைப் பின்னர் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லக்ருவா எழுதிய பிறகே அது உலகத்துக்கு விளங்கிற்று. கவர்னரும் தாம் சொன்னதைத் தாமே நம்பி உயிரையும் கொடுத்தார். ஆகவே அறியாமை என்று ஒரு சமாதானம் கூறலாம். ஆனால் அறியாததை அறியாதென்று சொல்லாமல், அபாயம் இல்லையென்று துணிந்து கூறியதற்குச் சமாதானம் இல்லை. அதில் பத்திரிகைக்கும் பங்கு இருந்தது என்பதை, இத்தொழிலைச் செய்யும் நாம் தலைகுனிந்தே எழுதுகிறோம்.

1985: அறிந்தும் அசையாமை

தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில், 17,000 அடிக்கு மேல் உயரமுள்ள நெவாடோ டெல் ரூயிஸ் என்ற பனிமலை 1984-ம் வருஷக் கடைசியில் விழித்துக்கொண்டது. முன்னரே 1595-லும் 1845-லும் அம்மலையின் பனி உருகிச் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து ஜனங்களைக் கொன்றிருந்தது. 1845-ம் வருஷத்துச் சேறு உறைந்த தரையின் மேலேயே ஆர்மேரோ என்னும் ஊர் எழும்பியிருந்தது. 1985-ம் வருஷம் அக்டோபரில், அபாயமுள்ள இடங்களைக் குறித்து நிபுணர்கள் தயாரித்த படம் வெளியாயிற்று. ஆர்மேரோ அபாயப் பகுதியில் இருப்பதை அப்படம் காட்டிற்று.

படம் இருந்தது, அதைக் கண்டு ஊரைக் காலி செய்யச் சொல்ல ஒருவரும் துணியவில்லை. செலவு அதிகம் என்றும், வெடிக்காவிட்டால் நகைப்புக்கு இடமாகும் என்றும் தயங்கினர். நவம்பர் 13-ந் தேதி பிற்பகலில் மலை வெடிக்கத் தொடங்கிற்று. மாலையில் ஆர்மேரோவில் சாம்பல் மழை பெய்தது. அமைதியாக வீட்டிலேயே இருக்கும்படி ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பிந்தி நேர்ந்த பெரிய வெடிப்பும் எரிமலைகளின் கணக்கில் சிறியதே. ஆனால் அது பனியை உருக்கிவிட்டது. சேற்று வெள்ளம் பள்ளத்தாக்குகளின் வழியே சுமார் 45 மைல் ஓடி, பதினொன்றரை மணி அளவில் ஆர்மேரோவை அடைந்தது. அங்கிருந்த சுமார் 29,000 பேரில் 20,000-க்கு மேற்பட்டவர்கள் சேற்றில் புதைந்தனர்.

வெடிப்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஊருக்கு அருகிலேயே மேட்டு நிலங்கள் இருந்தன. நடந்து சென்றாலே அவர்கள் பிழைத்திருப்பார்கள். இங்கே அறியாமை என்ற சமாதானத்துக்கும் இடமில்லை. அறிவு காகிதத்தில் இருந்தது, அதிகாரம் நாற்காலியில் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை.

1991: அறிந்து செய்தது

பிலிப்பைன்ஸ் தேசத்தில் லூசோன் தீவிலுள்ள பினதுபோ மலை ஏறக்குறைய 500 வருஷங்கள் உறங்கிக் கிடந்தது. காடு மூடிய அம்மலையை எரிமலை என்று எண்ணினவரே சிலர். 1991-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி மலையின் ஓரத்தில் நீராவி வெடித்துக் கிளம்பிற்று. முதலில் கண்டவர்கள் மலைச்சரிவில் வாழும் ஏதா என்னும் பழங்குடி மக்கள். அவர்கள் கண்டதைக் கேட்டறிந்த அந்தத் தேசத்து எரிமலை ஆராய்ச்சி நிலையத்தார், அதன் தலைவர் ரேமுண்டோ புனோங்பாயன் என்பவரின் கீழ் உடனே கருவிகளுடன் சென்றனர். அமெரிக்க நிபுணர்களும் வந்து சேர்ந்தனர்.

மே மாத நடுவில் நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த கந்தக வாயு, அம்மாதக் கடைசியில் 5,000 டன்னைக் கடந்தது. பிறகு அது சட்டெனக் குறைந்தது. மலை அடங்குகிறது என்று சொல்லிவிட எளிதான தருணம் அது. நிபுணர்களோ, வாய் அடைபட்டிருக்கக்கூடும், ஆதலால் அபாயம் மிகுகிறது என்று ஊகித்தனர். அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்து, எந்தப் படியில் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்களுக்கு விளக்கினர். அனல் மேகமும் சேற்று வெள்ளமும் எத்தகையவை என்பதைக் காட்டும் சலனப்படத்தை அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் திரையிட்டனர். அப்படத்தை எடுத்தவர்கள் மோரிஸ் கிராஃப்ட், காட்டியா கிராஃப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதிகள். அதே வருஷம் ஜூன் 3-ந் தேதி ஜப்பானில் உன்சென் மலையின் அனல் மேகத்தில் அவர்கள் உயிர் துறந்தனர். அவர்கள் எடுத்த படம் பிலிப்பைன்ஸில் பல்லாயிரம் உயிர்களைக் காக்க உதவிற்று.

மலையைச் சுற்றிலும் சுமார் 18 மைல் தூரத்திற்கு ஜனங்கள் அகற்றப்பட்டனர். அருகிலிருந்த அமெரிக்க விமானப் படைத்தளமும் ஜூன் 10-ந் தேதி காலியாயிற்று. ஜூன் 15-ந் தேதி பினதுபோ வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் இது இரண்டாவது. சாம்பல் 20 மைலுக்கு மேல் உயர்ந்தது. மலையின் உச்சியே 850 அடி குறைந்து போயிற்று. வானில் பரவிய கந்தக வாயுவால் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய அரை டிகிரி உஷ்ணம் குறைந்தது. அன்றே புயலும் அடித்ததால், நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானவர் மாண்டனர். ஆயினும் வெளியேறியிராவிட்டால் இறந்திருக்கக்கூடியவர்களோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையே.

இங்கும் குறை இல்லாமல் இல்லை. அடைக்கலக் கூடாரங்களில் அம்மை நோய் பரவி, ஏதா மக்களின் குழந்தைகள் பலர் மாண்டனர். முதலில் அபாயத்தைக் கண்டு சொன்னவர்களின் வீட்டிலேயே மரணம் அதிகமாக நுழைந்தது. மலையிலிருந்து ஜனங்களை அகற்றிவிட்டால் சர்க்காரின் கடமை தீர்ந்துவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

நமக்கு என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் எரிமலை இல்லையே, இந்த விசாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 85 மைல் தூரத்தில், பாரன் தீவு என்னும் எரிமலை வங்காள விரிகுடாவின் கிழக்கே நம் தேசத்துக்குள்ளேயே நிற்கிறது. 1787-ம் வருஷத்தில் அது எரிந்ததைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-ல் மறுபடி விழித்து, அதன் பின்னரும் பலமுறை புகைந்திருக்கிறது. நல்லவேளையாக அங்கே குடியிருப்போர் இல்லை.

ஆனால் அத்தீவை உண்டாக்கிய காரணம் நம் கரையையும் தொட்டிருக்கிறது. அந்தமான், சுமத்ரா, ஜாவா வரிசையில் நமது சமுத்திரத்தின் அடிப்பாளம் கிழக்கே உள்ள பாளத்தின் கீழ் இறங்கிக் கொண்டிருக்கிறது என்றோம். இறங்கும் பாளம் ஆழத்தில் நீரைக் கொடுத்து எரிமலையை வளர்க்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் சிக்கிக் கொண்டு, திமிறி விடுபடும்போது பூகம்பத்தையும் கடல் பொங்குதலையும் உண்டாக்குகிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நடந்தது அதுவே. சுமத்ராவின் அருகே காலை ஆறரை மணிக்குப் பூமி அதிர்ந்தது. நாகப்பட்டினத்துக் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு ஜில்லாவில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர் மாண்டனர். பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 முதல் எச்சரிக்கை நிலையம் இருந்தது; இந்து சமுத்திரத்துக்கு அன்று இல்லை. ஹைதராபாத்தில் அத்தகைய நிலையம் தொடங்கியது 2007-ம் வருஷத்தில்தான்.

ஆர்மேரோவுக்கு இரண்டரை மணி நேரம். நாகப்பட்டினத்துக்கு இரண்டு மணி நேரம். அந்த நேரம் யாருடையது? அது அதிகாரிகளின் கோப்புக்கும் தயக்கத்துக்கும் உரியதன்று, ஜனங்களுக்கு உரியது. அறிவிப்புக்கும் அழிவுக்கும் நடுவே உள்ள ஒவ்வொரு நிமிஷமும் ஜனங்களின் சொத்து. அதை அவர்களுக்குக் கொடாமல் வைத்துக்கொள்வது, அறியாமையால் ஆனாலும் அசட்டையால் ஆனாலும், அவர்கள் உயிரையே பறிப்பதற்கு ஒப்பாகும்.

நிலையம் அமைத்ததோடு காரியம் முடிந்துவிடாது. அங்கே தெரிந்த செய்தி கடற்கரைக் குப்பத்தின் கடைசிக் குடிசைக்கும் உரிய காலத்தில் போய்ச் சேருகிறதா, சேர்ந்தால் எந்த வழியாக எந்த மேட்டுக்கு ஓடுவது என்பதை அங்குள்ள குழந்தையும் அறியுமா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள். இவற்றைக் கேட்பது பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் ஒவ்வொருவருடைய கடமையாகும்.

இனி எரிமலை வெடித்தது, வெள்ளம் வந்தது, அணை உடைந்தது என்ற சமாசாரத்தில் "திடீரென்று" என்ற சொல்லைக் காணும்போது வாசகர்கள் அதோடு திருப்தி அடைய வேண்டாம். முதல் அடையாளம் என்று தோன்றிற்று, யார் கண்டார்கள், யாரிடம் சொன்னார்கள், கேட்டவர் என்ன செய்தார் என்று வினவ வேண்டும். நாமும் அச்சொல்லை எழுதுமுன் இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்வதாக உறுதி கூறுகிறோம்.